வேலுவுக்கு வீட்டிலேயே சுகர் பார்க்கிறோம்: எந்தக் கருவி தேவலை?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் சர்க்கரை நோய் வந்த பூனை இருந்து, அதற்கு இன்சுலின் போட ஆரம்பித்திருந்தால், பூனை ரத்தத்துக்கென்று அளவு சரிசெய்த சுகர் மெஷின் ஒன்றை வாங்கிவிடுங்கள். ஊசி போடக் கற்றுக்கொண்ட அதே வாரத்தில் வாங்குங்கள். மற்ற சாமான்களில் எது வேண்டும், எது வேண்டாம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எங்கள் வேலுவுக்குப் பதினோரு வயது. கருத்தடை செய்த ஆண் பூனை, நல்ல கனம். பூனைகளில் சர்க்கரை நோய் அதிகம் வருவது இந்த மாதிரி ஆட்களுக்குத்தான் என்று டாக்டர் சொன்னார். தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் குடித்தான், மணல் பெட்டியில் சிறுநீர் பட்டுச் சேரும் மணல் கட்டிகள் பெரிதாயின, சாப்பாடு குறையாமலே எடை இறங்கியது. கடைசியில் பின்னங்கால்களின் குதி தரையில் படுகிற மாதிரி நடக்க ஆரம்பித்தான். நெடுநாள் சர்க்கரை ஏறிக்கிடந்தால் நரம்பு பாதித்து இப்படி ஆகும். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் நடை பெரும்பாலும் திரும்பிவிடும். வேலுவுக்குத் திரும்பியது.

வீட்டில் ஏன் பார்க்க வேண்டும், ஆஸ்பத்திரியிலேயே பார்த்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. பூனை பயந்தால் அதன் ரத்தத்தில் சர்க்கரை எகிறும். கூடையில் அடைத்து, வண்டியில் குலுக்கி, நாய் குரைக்கிற அறையில் உட்காரவைத்து, முன்பின் தெரியாத ஒருவர் பிடித்து அமுக்கினால், சர்க்கரை நோயே இல்லாத பூனைக்குக்கூட 300-ஐத் தொடலாம். ஆரோக்கியமான பூனைக்கு டெசிலிட்டருக்கு 80-லிருந்து 120 மில்லிகிராம் வரை இருக்கும் என்பதை வைத்துப் பாருங்கள், எவ்வளவு பெரிய தாவல் என்று புரியும். வேலு ஆஸ்பத்திரி மேஜையில் 340 காட்டினான். மறுநாள் அதே நேரம், வீட்டில் ஜன்னலோரம் படுத்திருந்தவனிடம் எடுத்தது 190. முதல் எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. அதனால்தான் வீட்டு எண்ணுக்கு இவ்வளவு மதிப்பு கொடுக்கிறேன்.

சரி, வீட்டில் அப்பா அம்மாவுக்கு வைத்திருக்கும் மெஷினிலேயே பார்த்துவிடலாமே? பார்க்கலாம், பலர் பார்க்கிறார்கள். ஆனால் ரத்தத்தின் அமைப்பே வேறு. மனித ரத்தத்தில் சர்க்கரையில் சுமார் 58 சதவீதம் பிளாஸ்மாவிலும் மீதி சிவப்பணுக்களுக்குள்ளும் இருக்கிறது. பூனைக்கு அப்படி இல்லை, சுமார் 93 சதவீதம் பிளாஸ்மாவிலேயே இருக்கும். மனிதக் கணக்கை வைத்து ஓடும் மெஷின் அதனால் பூனைக்குப் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். எவ்வளவு குறைவு என்பதும் ஒரே மாதிரி இருக்காது, எல்லா எண்ணோடும் இருபதைக் கூட்டிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள்ள முடியாது. ரத்தசோகை இருந்தால் இன்னும் குழம்பும். டாக்டரிடம் சொல்லிவிட்டு, எப்போதும் அதே மெஷினில் பார்த்து, அதற்கேற்ற எல்லைகளை அவரிடம் வாங்கி வைத்துக்கொண்டால் மனித மெஷினிலும் காலம் தள்ளலாம். எதுவுமே பார்க்காமல் இருப்பதற்கு அது ஆயிரம் மடங்கு தேவலை. இரண்டு மெஷினையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் கூடாது.

நாங்கள் வைத்திருப்பது ஆல்ஃபாட்ராக் 2. பூனை, நாய் இரண்டுக்கும் அளவு சரிசெய்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது அது கேட்கும் ரத்தத்தின் அளவு: 0.3 மைக்ரோலிட்டர். கடுகைவிடச் சின்னத் துளி. காதைப் பிதுக்கிப் பிதுக்கி எடுக்க வேண்டியதில்லை. மெஷினில் செருகும் சோதனைச் சீட்டான ஸ்ட்ரிப்பின் ஓரத்தைத் துளியில் தொட்டால் தானே உறிஞ்சிக்கொள்ளும், சில நொடிகளில் எண் வந்துவிடும். 20-லிருந்து 750 வரை எண்ணாகக் காட்டும்.

கவனிக்க வேண்டியது ‘கோட்’ (code) எண், அதாவது எந்த விலங்கின் ரத்தம் என்று மெஷினுக்குச் சொல்லும் எண். ஸ்ட்ரிப் டப்பாவின் மேல் பூனைக்கு ஒரு எண், நாய்க்கு ஒரு எண் அச்சிட்டிருக்கும். ஸ்ட்ரிப்பைச் செருகியதும் திரையில் வருவது பூனை எண்தானா என்று பார்த்துவிட்டுத்தான் காதைத் தொட வேண்டும். நாய் எண்ணிலேயே இருந்துவிட்டால் முடிவு தப்பாக வரும், அது தப்பு என்று மெஷினும் சொல்லாது. புது டப்பா திறக்கும்போதெல்லாம் இதை மறுபடி பார்க்க வேண்டும். அம்மாவுக்குக் கண் கொஞ்சம் மங்கல் என்பதால், டப்பாவில் பூனை எண்ணைச் சுற்றி மார்க்கரில் பெரிய வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். இதற்கு அடுத்து வந்த ஆல்ஃபாட்ராக் 3-க்கு ஸ்ட்ரிப் வேறு. மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

இனி காது. மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காதில் ரத்தம் வராவிட்டால் ஒன்றும் நடக்காது. புதிதாகத் தொடங்குபவர்கள் மனம் விட்டுப்போவதும் இந்த இடத்தில்தான், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

பூனையின் காது மடலில் வெளி ஓரத்தை ஒட்டி ஒரு மெல்லிய ரத்தக்குழாய் ஓடும். வெளிச்சத்துக்கு எதிரே காதைப் பிடித்தால் தெரியும். குத்த வேண்டியது அந்த ரத்தக்குழாயில் அல்ல. அதற்கும் காதின் விளிம்புக்கும் நடுவில் குறுகலாக ஒரு பட்டை இருக்கிறதே, அங்கேதான். அங்கு நுண்குழாய்கள் நிறைய, வலி குறைவு. குத்துவதற்கு முன் காதைச் சூடாக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காதின் மேல் அரை நிமிடம் வைத்தால் போதும். பை இல்லாமல் வைத்தால் காது ஈரமாகி, வருகிற துளி ரோமத்தில் பரவி வீணாகும். கைவிரல் சூடே போதும் என்பார்கள், குளிர்ந்த காதுக்கு அது போதாது. சூடான காது லேசாகச் சிவக்கும், அப்போது குத்தினால் முதல் முறையே துளி எழும்.

அடுத்தது வாசலின். குத்தும் இடத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு பூச்சு. அது இருந்தால் ரத்தம் பரவாமல் உருண்டு மணியாக நிற்கும். நிறையப் பூசினால் ஸ்ட்ரிப்பில் ஒட்டிப் பிழை காட்டும். காதுக்குப் பின்புறம் மடித்த பஞ்சை வைத்து விரலால் தாங்கிக்கொள்ள வேண்டும், லான்செட் (குத்தும் சின்ன ஊசி) மறுபக்கம் வந்தாலும் விரலில் ஏறாது. குத்தியதும் பஞ்சை இருபுறமும் வைத்து அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் காது கன்றிப்போகாது. காலையில் இடது காது, மாலையில் வலது காது என்று நாங்கள் மாற்றிக்கொள்கிறோம்.

லான்செட் வாங்கும்போது கேஜ் எண்ணைப் பாருங்கள். எண் கூடக்கூட ஊசி மெலிதாகும். ஆரம்பத்தில் 26 அல்லது 28 எடுங்கள். 33 வலிக்காது என்று ஆசைப்பட்டு வாங்கினால் புதுக் காதில் ரத்தமே வராது, மறுபடி மறுபடி குத்த வேண்டியிருக்கும், பூனைக்கு அதுதான் பெரிய தொந்தரவு. குத்திக் குத்திப் பழகிய காதில் சின்ன ரத்தக்குழாய்கள் பெருகும் என்கிறார்கள். வேலுவின் காதும் நாளாக ஆக எளிதாகத்தான் கொடுத்தது, இப்போது 30 போதும்.

ஸ்ப்ரிங் வைத்த பேனா மாதிரிக் கருவியும் பெட்டியோடு வரும், தனியாகவும் விற்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. பட்டனை அழுத்தியதும் காதுக்குப் பக்கத்திலேயே ‘டக்’ என்று சத்தம். பூனைக்குச் சத்தம்தான் குத்தலைவிடப் பயம். அதோடு பேனாவின் மூடி குத்தும் இடத்தையே மறைத்துவிடுகிறது, பட்டையில் படுகிறதா ரத்தக்குழாயில் படுகிறதா என்று தெரிவதில்லை. லான்செட்டைக் கையிலேயே பிடித்து, சற்றுச் சாய்த்து, ஒரே குத்தாகக் குத்துவது பழகிவிட்டால் பேனா தேவையில்லை. கை நடுங்குகிறவர்களுக்கு மட்டும் பேனா உதவலாம்.

பூனை ஒத்துழைக்குமா என்பது எல்லோருக்கும் வருகிற சந்தேகம். ஒரே இடம், ஒரே துண்டு, ஒரே வரிசை, முடிந்ததும் ஒரு பரிசு. இதை விடாமல் செய்தால் பெரும்பாலான பூனைகள் ஏற்றுக்கொள்ளும். முதல் சில நாள் குத்தாமலே காதைத் தடவி, துணி வைத்து, மாவு சேராத இறைச்சித் துண்டு ஒன்று கொடுத்து விட்டுவிடுங்கள். வேலு இப்போது ஸ்ட்ரிப் டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டாலே சோபாவிலிருந்து இறங்கி வந்து துண்டின் மேல் உட்கார்ந்துகொள்கிறான். குத்தும்போது காதை ஒருமுறை சிலுப்புவான், அவ்வளவுதான்.

ஸ்ட்ரிப்தான் உண்மையான செலவு. மெஷின் ஒருமுறை வாங்குவது, ஸ்ட்ரிப் வாங்கிக்கொண்டே இருப்பது. மெஷினின் விலையைப் பார்த்து முடிவெடுக்காமல் ஸ்ட்ரிப்பின் விலையைக் கேட்டு முடிவெடுங்கள். ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும், அதனால் ஒன்றை எடுத்த கையோடு டப்பாவை இறுக மூட வேண்டும். திறந்த தேதியை டப்பாவில் எழுதுங்கள், திறந்தபின் எத்தனை மாதம் தாங்கும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். சந்தேகம் வந்தால், சர்க்கரை அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் திரவம் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கலாம். இதைப் பலர் வாங்குவதே இல்லை. நம்ப முடியாத எண் ஒன்று நடு இரவில் வரும்போது அதன் அருமை தெரியும்.

எண்களைப் பற்றியும் கொஞ்சம் பதற்றத்தைக் குறைத்துக்கொள்ளலாம். மனித மெஷின்களுக்கான ஐஎஸ்ஓ 15197 தரமே, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம் என்கிறது. அதாவது உண்மையில் 200 இருந்தால் 170 என்றும் காட்டலாம், 230 என்றும் காட்டலாம். அதனால் 190-ஐயும் 205-ஐயும் வேறு வேறு எண்ணாக எண்ணி, சரிபார்க்கிறேன் என்று இன்னொரு குத்து குத்தாதீர்கள். வேலுவின் காது அதற்கில்லை.

இந்த மெஷின் தன் விலையைத் திருப்பிக் கொடுத்தது ஒரு மாலை ஊசிக்கு முன்னால். வேலு சாதாரணமாகத்தான் இருந்தான், சாப்பிட வந்தான், கண்ணில் சோர்வில்லை. எண் 58. பூனைக்கு 60-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை என்று கொள்கிறார்கள். அந்த நேரத்தில் வழக்கமான யூனிட்டைப் போட்டிருந்தால் தள்ளாட்டம், வலிப்பு என்று போயிருக்கும். ஊசிக்கு முன் 150-க்குக் கீழே இருந்தால் போடாமல் போன் பண்ணுங்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். போன் பண்ணினோம். ஊசி வேண்டாம், சாப்பிட வையுங்கள், சிறிது நேரம் கழித்து மறுபடி பாருங்கள் என்றார். எண் மெல்ல ஏறியது. மறுநாளிலிருந்து அளவைக் குறைத்தார். பூனை துவண்டு கிடந்தால் ஈறில் தேனோ குளுக்கோஸ் கரைசலோ தடவிக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறோம். இன்சுலின் எடுக்கும் பூனைகளில் சிலவற்றுக்கு நோய் தணிந்து ஊசியே தேவைப்படாமல் போவதுண்டு. தொடக்கத்திலேயே சிகிச்சை ஆரம்பித்து, மாவுச்சத்து குறைந்த உணவும் கொடுத்தால் அந்த வாய்ப்பு கூடும். மிக நல்ல செய்திதான் அது. ஆனால் அது நடக்கும்போது வீட்டில் யாரும் எண் பார்க்காமல் பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் நல்ல செய்தியே ஆபத்தாகிவிடும்.

‘கர்வ்’ எடுப்பது பற்றி, அதாவது ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடையில் சர்க்கரை எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்பது. ஊசிக்கு முன் ஒன்று, அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அடுத்த ஊசி வரை பன்னிரண்டு மணி நேரம். அந்த நாள் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். டாக்டர் முதலில் தேடுவது மிகக் குறைந்த எண் எது, அது ஊசிக்கு எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்பதைத்தான். அந்த அடிப்புள்ளி 80-க்கும் 150-க்கும் நடுவில் இருந்தால் சந்தோஷப்படுவார். காலையில் எடுத்த உயர்ந்த எண் ஒன்றை மட்டும் பார்த்து அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்பது தப்பு என்பது கர்வ் எடுத்த பிறகுதான் நமக்கே புரியும்.

கர்வுக்காகவே நாங்கள் ஃப்ரீஸ்டைல் லிப்ரேயும் வைத்துப் பார்த்தோம். மனிதர்களின் மேற்கைக்காகச் செய்த சென்சார் அது, இப்போது கால்நடை மருத்துவர்கள் பூனைகளுக்கும் வைக்கிறார்கள். ரோமத்தை மழித்து, தோள் பக்கமோ விலாப் பக்கமோ ஒட்டிவிடுவார்கள். வைத்து ஒரு மணி நேரம் கழித்து வேலை செய்யும், 14 நாள் வரை ஓடும்படி செய்தது. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ரீடரையோ போனையோ அருகில் காட்டினால் இடையில் நடந்ததெல்லாம் கோடாக வந்துவிடும். அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம். பகலில் மட்டும் அறிந்திருந்த வேலுவின் சர்க்கரை, விடியற்காலையில் எங்கே இறங்குகிறது என்பதை அன்றுதான் பார்த்தோம். காதைத் தொடாமல் ஒரு வாரம் என்பது அவனுக்கும் ஓய்வு.

ஆனால் அது அளப்பது ரத்தத்தை இல்லை, தோலுக்கடியில் உள்ள திசுத்திரவத்தை. ரத்தத்தில் நடப்பது அங்கே கொஞ்சம் தாமதித்துத்தான் தெரியும், சர்க்கரை வேகமாக இறங்கும் நேரத்தில் இந்தத் தாமதம் முக்கியம். நீர்ச்சத்து குறைந்த பூனையில் எண் பிசகும். 40-லிருந்து 500 வரைதான் எண்ணாகக் காட்டும். பூனை சொறிந்து, உரசி, தாவி, 14 நாளுக்கு முன்பே கழற்றிவிடுவது சகஜம். வேலு கட்டிலுக்கடியில் நுழைந்து நுழைந்தே கழற்றிவிட்டான். மனிதக் கைக்குச் செய்ததைப் பூனை முதுகில் வைத்தால் அப்படித்தான். என் கருத்து இது: புதிதாகக் கண்டுபிடித்த பூனைக்கும், அளவு மாற்றிப் பார்க்கும் நாட்களுக்கும் சென்சார் அருமை. தினசரி ஊசிக்கு முன் பார்க்கவும், சென்சார் ‘குறைவு’ என்று பயமுறுத்தும்போது உண்மையா என்று பார்க்கவும் காதுதான். சென்சார் இருந்தாலும் மெஷினை அலமாரியில் போட்டுவிட முடியாது.

சிறுநீர் ஸ்ட்ரிப்பை வைத்தே சமாளித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: ரத்தத்தில் சுமார் 250-ஐத் தாண்டினால்தான் பூனையின் சிறுநீரில் சர்க்கரை தெரியும். 58-ம் அதில் ‘இல்லை’, 120-ம் ‘இல்லை’. இன்சுலின் அளவை முடிவு செய்ய அது உதவாது. கீட்டோன் (உடம்பு சர்க்கரைக்குப் பதில் கொழுப்பை எரிக்கும்போது சேரும் பொருள்) பார்க்கும் ஸ்ட்ரிப் உதவும், அதற்காக ஒரு டப்பா வீட்டில் இருக்கட்டும். பூனை சாப்பிடாமல், வாந்தி எடுத்துக்கொண்டு, சோர்ந்திருந்தால் கீட்டோன் பார்ப்பது அவசியம். பூனைகளின் சர்க்கரை நோய்க்கென்று பெக்ஸாகாட் என்ற மாத்திரை 2022 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த வகை மருந்து எடுக்கும் பூனைக்குச் சர்க்கரை எண் நன்றாக இருக்கும்போதே கீட்டோன் ஏறிவிடலாம், அவர்களுக்கு இந்த ஸ்ட்ரிப் இன்னும் முக்கியம்.

எண்களைக் குறித்துவைக்க ஒரு செயலியைப் போனில் போட்டுப் பார்த்தேன். தொல்லை. நேரம், எண், எத்தனை யூனிட், எவ்வளவு சாப்பிட்டான், எந்தக் காது என்று ஐந்து கட்டம் போட்ட சாதாரண நோட்டுக்கு மாறினோம். அம்மா எழுதினாலும் நான் எழுதினாலும் டாக்டர் ஒரே பார்வையில் படித்துவிடுகிறார்.

மெஷினைச் சேர்ந்தது இல்லை என்றாலும் சிரிஞ்சைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. இன்சுலின் வகைகளில் லான்டஸ் யூ-100 (ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட்), புரோஸிங்க்கும் கானின்சுலினும் யூ-40 (ஒரு மில்லிலிட்டரில் 40). ஒவ்வொன்றுக்கும் சிரிஞ்சு தனி. யூ-100 மருந்தை யூ-40 சிரிஞ்சில் ஒரு யூனிட் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். மருந்துக் கடையில் ‘இன்சுலின் சிரிஞ்சு’ என்று மட்டும் கேட்காமல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், வீட்டுக்கு வந்து உறையிலும் மருந்துக் குப்பியிலும் ஒரே எண் இருக்கிறதா என்று சேர்த்து வைத்துப் பாருங்கள்.